படத்தில் இல்லாத பன்னிரண்டு வீடுகள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தேசியப் பூங்காவில் வாசல் காவலாளி முதல் ஜீப் ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவள் ‘மூணாந்தேதி’. மாதம் பிறந்து மூன்றாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, இடியே விழுந்தாலும் எதிர்மேட்டு சிமெண்ட் மேடையில் கேமராவோடு நிற்பாள். மேடையில் மூன்று குழிகள் உண்டு. முக்காலியின் கால்கள் அந்தக் குழிகளில்தான் இறங்க வேண்டும். அதே லென்ஸ், அதே உயரம். படத்தின் இடது மூலையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிகரம், வலது கீழ் மூலையில் ஊழியர் குடியிருப்பின் பன்னிரண்டு தகரக் கூரைகள். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். மலை மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்வதுதான் அவள் வேலை.

பதினொரு வருஷமாக ஒரு மாதம் தவறியதில்லை. பனி மூடியிருந்தால் பனியைப் படம் எடுப்பாள். “வெள்ளைத் தாளை எதுக்கும்மா ஃபைல் பண்றீங்க?” என்று குமாஸ்தா சிரிப்பார். “அன்னைக்கு மலை தெரியலன்னு யாராவது சொல்லணும்ல?” என்பாள். மகளின் கல்யாணத்தை ஒரு மூன்றாம் தேதியில் வைக்கப் பார்த்தார்கள். ஒற்றைக் காலில் நின்று ஐந்தாம் தேதிக்குத் தள்ளினாள். சம்பந்தி வீட்டார் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அழகான படம் எடுக்க வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மறைக்கிற கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு, வெளிச்சம் வரவில்லை என்று வானத்தைத் திட்டுகிற கூட்டம். “மலை என்ன கல்யாணப் பொண்ணா, அலங்காரம் பண்ணி நிறுத்த?” என்று அவர்கள் காதுபடவே கேட்பாள்.

போன மழைக்குப் பிறகு எடுத்த படத்தில், குடியிருப்புக்கு மேலே இருக்கும் சரிவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அடுத்த மாதம் கோடு நீண்டது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். மண் வெடித்திருந்தது. உள்ளே கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது. சென்ற மாதம் முழங்கை வரை போயிற்று. நேர் கீழே பன்னிரண்டு வீடுகள். மூன்றாவது வீட்டில் அவள், ஆறாவது வீட்டில் அவள் மகளும் மாப்பிள்ளையும்.

ஏழு கடிதம் எழுதினாள். கடைசியில் நில அளவைத் துறை வாயைத் திறந்தது: சென்ற மாதப் படத்தை அனுப்புங்கள், குடியிருப்பை மாற்றுவது பற்றி முடிவு சொல்கிறோம். படத்தைத் தன் கையாலேயே அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

பதில் வந்தது. ‘அனுப்பப்பட்ட படத்தை ஆராய்ந்ததில் வெடிப்பு எதுவும் தென்படவில்லை. இடமாற்றம் கோரப்பட்ட பன்னிரண்டு வீடுகளும் படத்தில் இல்லை. எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை.’

இரண்டு தடவை படித்தாள். தலைக்குள் கொதித்தது. கடிதத்தோடு திரும்பி வந்திருந்த படம் அவள் எடுத்ததுதான். சிகரத்தின் மேல் அன்றைக்கு ஒட்டியிருந்த மேகம்கூட அப்படியே இருந்தது. கோட்டைத்தான் காணோம். கூரைகளையும் காணோம். எல்லாம் பச்சைக் காடு. சரிவில் ஒரே ஒரு பட்டமரம் உண்டு, இரண்டாகப் பிளந்து நிற்பது. அது இந்தப் படத்தில் இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று அதன் இடத்தில், இன்னொன்று வெடிப்பு இருக்கவேண்டிய இடத்தில்.

நேரே பூங்கா அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“சார், இது யார் பண்ண வேலை?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாசல்ல இன்னைக்குப் பெருசா ஒரு படம் வெச்சோம்ல, அதுக்காக உங்க படத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணச் சொன்னேன்மா. ரெண்டும் ஒரே தேதி போட்டு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. குமாஸ்தா மாத்தி அனுப்பிட்டார் போல.”

“சுத்தமா? நாங்க இருக்கிற வீடு என்ன குப்பையா சார்?”

“கோபப்படாதீங்க. வர்றவங்க மலையைப் பாக்க வர்றாங்க, தகரத்தைப் பாக்கவா? மறுபடி எழுதிப் போடுவோம். மூணு மாசத்துல பதில் வந்துடும்.”

“மூணு வாரத்துல மழை வந்துடும் சார். அதுவரைக்கும் விருந்தினர் மாளிகையிலயாவது எங்களை இருக்க விடுங்க. பாதி ரூம் சும்மாதானே கெடக்கு?”

“அது விருந்தாளிங்களுக்கும்மா. மழை வருஷா வருஷம் வர்றதுதானே?” என்றவர், ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சிரித்தார். “படத்தைச் சரி பண்ணது வேற யாரும் இல்ல, உங்க மாப்பிள்ளைதான். தொழில் சுத்தமா இருக்கு.”

மாப்பிள்ளை பூங்கா வாசலில் படம் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பாள். மாப்பிள்ளை ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத் திட்டுவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது மாமியார்களுக்குத்தான் தெரியும்.

“வாங்க அத்தை, உக்காருங்க.”

“உக்கார வரல மாப்ளே. இந்தப் படத்துல உங்க வீடு எங்க இருக்குன்னு காட்டுங்க.”

அவர் அசடு வழிந்தார். “சார் கூரையெல்லாம் வேண்டாம்னாரு. பக்கத்துக் காட்டை இழுத்து மூடிட்டேன்.”

“மேல ஒரு கோடு இருந்துச்சே?”

“அதுவா? நீங்க சொன்ன வெடிப்பு இவ்ளோ தூரத்துல தெரியும்னு தோணல, லென்ஸ்ல கீறல் போலன்னு அழிச்சிட்டேன் அத்தை. உங்க கேமராவும் பழசாயிடுச்சுல்ல.”

அவ்வளவுதான். “பதினொரு வருஷமா கண்ணு மாதிரி வெச்சிருக்கிற லென்ஸுங்க அது! கீறல் விழுந்தது மலையில, உங்க தலைக்கு நேர் மேல. போன மாசம் கயிறு கட்டி ஏத்துனீங்களே ஒரு நீலத் தண்ணித் தொட்டி, அதையும் சேத்து அழிச்சிருக்கீங்க. அதுக்குக் கீழதான் மாப்ளே என் பொண்ணு படுத்துத் தூங்குறா!”

அவர் கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்தார். பெரிதாக்கி நீலத் தொட்டியைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து மேலே கோடு வரைக்கும் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அவள் மேஜை மேல் கிடந்த தடித்த கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அந்தப் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் முன்னால் நின்று ஜனங்கள் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். இரண்டாவது பட்டமரத்தின் குறுக்கே, வெடிப்பு இருந்த இடத்தில், அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

“ஏய் மூணாந்தேதி, என்ன பண்றே?” என்று காவலாளி கத்தினார்.

பின்னாலேயே மாப்பிள்ளை ஓடிவந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் பேனாவை வாங்கி, கோட்டுக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு கட்டம் போட்டார். ஆறாவது கட்டத்தின் மேல் ஒரு தொட்டி வரைந்தார்.

“அங்க ஆளுங்க இருக்காங்களா?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

“நாங்கதான் இருக்கோம். இது என் வீடு” என்றார் மாப்பிள்ளை.

எல்லோருடைய போன்களும் அந்தப் பக்கம் திரும்பின. அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். “வேலை போயிடும், தெரியுமில்ல?”

அவள் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. கடிதத்தைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். “அங்க வீடே இல்லைன்னு எழுதியிருக்காங்க சார், நீங்க அனுப்புன படத்தைப் பாத்துட்டு. இல்லாத வீட்டுல நாங்க எப்படிக் குடியிருக்கிறது? இன்னைக்குச் சாயங்காலம் பன்னெண்டு குடும்பமும் விருந்தினர் மாளிகைக்கு வருது. சாவியை எடுங்க.”

அத்தனை போன்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆறு நாள் விடாமல் அடித்தது. அடுத்த மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவள் மேடை ஏறி, குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு முக்காலியை நிறுத்தினாள். இடது மூலையில் சிகரம் இருந்தது. வலது மூலையில் சரிவு முழுக்கச் சேறாக இறங்கியிருந்தது. ஒரு கூரைகூட இல்லை. ஒரு படம் எடுத்தாள். பதிவேட்டில் ‘வீடுகள்: இல்லை. ஆட்கள்: எல்லோரும் பத்திரம்’ என்று எழுதினாள்.

மாப்பிள்ளை கடையில் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கிக்கொண்டாள். அதிகாரி அறைக்குப் போய், அவருடைய கோப்புகளைத் தள்ளிவிட்டு, அதை மேஜை மேல் விரித்தாள்.

“இப்ப சுத்தமா இருக்கா சார்?”