என் கேஸ்கெட், இன்னொருவர் வண்டிக்கு

கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

ஒரு வாரமாக என் பைக்கின் கிளட்ச் கவரில் ஆயில் கசிவு. கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்றார் ஜோகுபாளையம் மெக்கானிக். அவர் கடையில் இருந்த மட்டமான கேஸ்கெட் வேண்டாமென்று, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் அலைந்து என் மாடலுக்குரிய ஒரிஜினலை வாங்கினேன். பாக்கெட் மேல் வண்டி நம்பரை எழுதி, இன்று காலை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது சொன்னார்: "மாத்தியாச்சுண்ணா. இனிமே ஒரு சொட்டு வராது."

அல்சூர் சிக்னலில் நிற்கிறேன், வலது ஷூ மேல் ஆயில் சொட்டுகிறது. வண்டியைத் திருப்பினேன்.

கடையில் அதே மாடல் பைக்கோடு வேறொருவர். அவரிடம் மெக்கானிக் ஒரு பாக்கெட்டைக் காட்டி, "கம்பெனி ஐட்டம் சார், உங்களுக்காகவே வரவெச்சேன்" என்கிறார்.

பாக்கெட் மேல் என் கையெழுத்தில் என் வண்டி நம்பர்!

"அப்ப என் வண்டியில என்னய்யா போட்ட?" என்று கத்திவிட்டேன்.

"பழைய கேஸ்கெட் மேலயே பேஸ்ட் தடவினேண்ணா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் என்ன, இளிச்சவாயனா?

என் முகத்தைப் பார்த்து மெல்ல இறங்கி வந்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கண்ணா. இதை உங்களுக்கே போட்டுடறேன். சாருக்கு பேஸ்ட் தடவிக்கலாம்."

அந்த சார் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

அல்சூர் பக்கம், நம் கண்ணெதிரே கேஸ்கெட் மாற்றும் மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள் நண்பர்களே. இரண்டு வண்டிகள் வருகின்றன.