வாசலில் வேப்பிலை, உள்ளே விருந்தாளி

சுரங்கக் கம்பெனி ஒன்று எதையும் ஒளிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்த அரசாங்கத்துக்கு என்ன கட்டினோம், எந்த ஆற்றில் எதைக் கலந்தோம், தொழிலாளிகளுக்கு என்ன நோய் வந்தது என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை போடுவோம். அதைத் தலையணைக்குப் பதிலாக வைத்துத் தூங்கலாம், அவ்வளவு தடிமன். அதை யாரும் படிப்பதில்லை என்பது மட்டும் அறிக்கையில் இருக்காது.

எங்கள் நிக்கல் சுரங்கம் இந்தோனேசியாவில் ஒரு தீவில் இருக்கிறது. அங்கே தொழிலாளர் குடியிருப்பில் தட்டம்மை பரவியபோது என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், ஒரு கொட்டகையில் நாலு பேர் காய்ச்சலில் கிடக்க, அடுத்த கொட்டகைக்காரர்கள் அங்கேயே வந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மேலாளரைக் கேட்டேன். "முறைப்படி இணையத்தளத்தில் போட்டுவிட்டோமே, மேடம்" என்றார். போட்டுத்தான் இருந்தார்கள், ஆங்கிலத்தில், மூன்று சொடுக்கு தள்ளி.

பிடித்துக்கொண்டேன். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குப் புரியாவிட்டால் அது அறிவிப்பு இல்லை, அலங்காரம் என்று அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். மனிதர் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். இந்தோனேசிய மொழியில் எழுதிய அறிவிப்பு ஒவ்வொரு கொட்டகையிலும் ஒட்டப்பட்ட பிறகுதான் விமானம் ஏறினேன். தலைக்கனத்துக்குத் தனிக் கட்டணம் கேட்காமல் விட்டது அந்த விமான நிறுவனத்தின் பெருந்தன்மை.

சிங்கப்பூர் திரும்பி, தெம்பனிஸில் வீட்டு வாசலுக்கு வந்தால் இரும்புக் கதவில் கொத்துக் கொத்தாக வேப்பிலை. உள்ளே கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டு, நாற்பது தாண்டிய என் கணவர் சின்னம்மையோடு படுத்து, ஊரில் வேறு யாருக்கும் வராதது தனக்கு வந்துவிட்டதுபோல முனகிக்கொண்டிருந்தார்.

முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே என் மாமியார் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்து கட்டிவிட்டாராம். தயார்நிலை என்று நாங்கள் அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே மதியத்தில் முடித்திருந்தார். வீட்டில் சட்டமும் மாறியிருந்தது. தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. சத்தம் போடக் கூடாது. முக்கியமாக, வந்திருப்பதை நோய் என்று சொல்லி, அதன் பெயரை வாயால் உச்சரிக்கவே கூடாது, அம்மன் கோபித்துக்கொள்வாள்.

"யாராவது வந்தாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"யாரும் வரலை. பக்கத்து வீட்டுச் சீனப் பொண்ணு மட்டும்தான் நேத்து மீ சியாம் நூடுல்ஸ் செஞ்சு கொண்டாந்தா. இவன்கிட்டயும் கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போனா. நல்ல பொண்ணு."

பல வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, போன மாதம்தான் அந்தப் பெண் கர்ப்பமாகியிருந்தாள்.

"அவ மாசமா இருக்கா அத்தை! உள்ள ஏன் விட்டீங்க?"

"அதான் வாசல்லயே கட்டியிருக்கேனே. அதைப் பார்த்துட்டுத்தானே வந்தா? வந்தவளைப் போன்னு சொல்ல முடியுமா?"

தீவில் விட்டு வந்த மேலாளர் புடவை கட்டிக்கொண்டு என் வீட்டில் நின்றார். கத்த வாயைத் திறந்தேன். "கத்தாதே, எனக்குத்தான் அதிகமாகும்" என்று பாயிலிருந்து ஒரு குரல். வீட்டுக்குள் கத்தக் கூடாது என்பதால் மின்தூக்கிப் பக்கம் போய் நின்று, யார் பெயரும் சொல்லாமல் நன்றாகத் திட்டித் தீர்த்தேன். பிறகு மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். அவளுக்கு முன்பே வந்திருந்தால் பயமில்லை, வராதவள் என்றால் அவளுக்கும் குழந்தைக்கும் ஆபத்து, தாமதிக்காமல் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஊசி இருக்கிறது என்றார்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தள்ளி நின்றுகொண்டு சொன்னேன். நாங்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். என் மாமியார் எங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இலையா? உங்க பண்டிகைன்னு நினைச்சேன் லா" என்றாள். "அழகா இருக்குன்னு ஃபோட்டோகூட எடுத்தேன்." அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். தங்கள் குடும்பத்தில் யாருக்குமே இது வந்ததில்லை என்று அந்தப் பக்கம் அடித்துச் சொன்னார்களாம். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கறிவேப்பிலை வேணும்னா கதவைத் தட்டுறீங்க. இதுக்கு மட்டும் ஏன் தட்டலை?"

அவள் என்ன சொல்கிறாள் என்று என் மாமியார் கேட்டார். இனிப்புத் தடவாமல் அப்படியே தமிழில் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த மாடியில் இருந்த ஒவ்வொரு கதவையும் தட்ட ஆரம்பித்தார். "அனாக் சாயா சாக்கிட். சிக்கன் பாக்ஸ். ஜாங்கான் மாசோக்." என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, உள்ளே வராதீர்கள் என்று, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில். சொல்லவே கூடாத பெயரை ஒவ்வொரு வாசலிலும் உரக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து சாமி படத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே எனக்குப் போய்விட்டது. பயம்தான் போகவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே என்ன சேதியோ என்று வாசலுக்கு ஓடினேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவளே வந்து தள்ளி நின்று கூப்பிட்டாள். பயமில்லையாம். சின்ன வயதிலேயே அவளுக்கு வந்து போயிருக்கிறது என்று ரத்தம் சொல்லிவிட்டதாம்.

"அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. அப்போ நாங்க சாப்பாட்டுக் கடை வெச்சிருந்தோம். வெளியில தெரிஞ்சா வாடிக்கை போயிடும்னு மறைச்சிட்டாங்களாம். மறைச்சு மறைச்சு, என்கிட்டயும் இல்லைன்னே சொல்லிப் பழகிட்டாங்க."

எனக்கு நிம்மதியில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளைக்குப் பேர் யோசிக்கறதைக்கூட நிறுத்திட்டேன், தெரியுமா?" என்றாள்.