பிரிஸ்கில்லா நடத்திய தண்ணீர்ப் போட்டி

பிரிஸ்கில்லாவுக்கு மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாது. பிடிக்காததைக் கண்டால் மூக்கு தானாகச் சுருங்கிவிடும். "வேப்பெண்ணெ குடிச்ச மூஞ்சி" என்று அவள் கணவன் ஜூலியன் கேலி செய்வான். தட்டாஞ்சாவடியில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அவனுக்கு யார்மேலும் கோபம் வராது. அவளுக்கோ பார்க்கிற இடமெல்லாம் கோபம். ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் தெருவில் எந்த வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் வாசலில் நின்று கத்துவாள். தெருவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. மீதிப் பேர் அவள் தலையைக் கண்டதுமே மோட்டாரை நிறுத்த ஓடுவார்கள்.

இந்தக் கோபம் வந்த கதை பழையது. முதலியார்பேட்டையில் அவள் பிறந்த வீட்டு போர்வெல் தண்ணீர், அவள் கல்லூரி முடிப்பதற்குள் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. இனிமேல் குழம்புக்கு உப்பு மிச்சம் என்று அம்மா சொல்ல, வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நிலத்தடி நீரை நாம் உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வருகிறது. தெரிந்தும் உறிஞ்சிக்கொண்டே, சிரிக்கவும் செய்கிறார்களே என்று அருவருப்பாக இருந்தது. வேதியியல் படித்தவள் மருந்துக் கம்பெனிக்குப் போகாமல், பள்ளிக்கூடங்களிலும் கிராமங்களிலும் தண்ணீர்ச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தது அதனால்தான்.

அவள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். சொட்டுகிற குழாயடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, கீழே ஒரு சொம்பை வைத்து, அது நிரம்பும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பாள். நெளிந்து நெளிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், சொம்பு வழிந்ததும் தாங்களாகவே ஓடிப்போய்க் குழாயை இறுக்குவார்கள். அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றும் வீடு எது என்று விசாரித்து, அங்கே போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவாள். அந்த வேலையில் அவளுக்குக் குறையே இல்லை.

அவளுக்குக் குமட்டியதெல்லாம் விழாக்கள்தான். தண்ணீர் தினம் வந்தால் போதும், முதல் வேலையாக மேடையை டியூப் போட்டுக் கழுவுவார்கள். மேடையில் உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில். திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, ஒவ்வொரு சொட்டும் உயிர் என்று முழங்கிவிட்டு இறங்கிப்போவார்கள். மிச்சமெல்லாம் சாக்கடைக்குப் போகும். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது வேறெதற்கும் இவ்வளவு பொருந்தாது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் வந்து சேர்ந்தார். நிறுவனத்தின் புதுத் திட்ட அதிகாரி, பெயர் செம்மல். நிதி தருகிறவர்கள் பிரான்சில் இருந்ததால், பச்சைத் தமிழரான அவர் எல்லோருக்கும் "போன்ழூர்" சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், எத்தினி லிட்டர் சேமிச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. நம்பர் வேணும்."

"தொறக்காத குழாய்லதான் சார் சேமிப்பே இருக்கு. அத எதுல ஊத்தி அளக்கறது?"

"பசங்கள வீட்டுலேர்ந்து கொண்டாரச் சொல்லுங்க. போட்டி வச்சிடலாம். அளந்து போர்டுல எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிட்டா முடிஞ்சிது."

இவ்வளவு அபத்தத்தை ஒரே மூச்சில் பேசுகிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அந்த வருஷம் ஜூலியனின் பட்டறையிலும் மெஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தாள். விழுப்புரம் சாலையைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம், "வீட்டுல சேமிச்ச தண்ணிய வெள்ளிக்கிழமை கொண்டாங்க, நெறய சேமிச்சவங்களுக்குப் பரிசு" என்றாள். அரிசி கழுவியது, பாத்திரம் அலசியது, துணி பிழிந்தது என்று அவள் மனதில் ஒரு கணக்கு. பிள்ளைகள் காதில் விழுந்தது சேமிப்பும் பரிசும் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டரை நிறுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளி மைதானம் முழுக்கக் குடம், பக்கெட், நீல டிரம். வண்டிகளில் கட்டிக்கொண்டு அப்பாக்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். ஒருவர் கடையில் வாங்கிய தண்ணீர்க் கேன் மூன்றை, மூடியின் சீல் கூடப் பிரிக்காமல், இறக்கிவைத்தார். எப்படிச் சேமித்தீர்கள் என்று கேட்டதற்கு ஒரு பையன் பெருமையாகச் சொன்னான்: "தண்ணி விட்ட ஒடனே குழாயத் தொறந்து, நிக்கற வரைக்கும் புடிச்சோம் டீச்சர்!"

எல்லா வீடும் பிடித்திருந்தது. சேமிப்பது என்றால் பிடித்து வைப்பதுதானே? காசைச் சேமிக்கிறவன் உண்டியலில் போடுகிறான், தண்ணீரைச் சேமிக்கிறவன் டிரம்மில் பிடிக்கிறான். ஊருக்கே தண்ணீர் விடும் கொம்யூன் பஞ்சாயத்துத் தொட்டி ஒரே காலையில் காலி. செம்மல் போர்டில் லிட்டரைக் கூட்டிக் கூட்டி எழுதினார். முகம் பூரித்துப்போயிருந்தது.

அப்போதுதான் அன்னக்கிளி வந்தாள். தொட்டியிலிருந்து தள்ளி, ஊரின் கடைசித் தெருவில் இருப்பவள். அவள் மகள் துர்கா அந்தப் பள்ளியில்தான் ஆறாவது படிக்கிறாள். அன்னக்கிளி இடுப்பில் வெறுங்குடம்.

"டீச்சரம்மா, எங்க தெருவுக்கு ஒரு சொட்டு வரல. சின்னப் பையனுக்கு ராத்திரியிலேர்ந்து வயித்தால போவுது. பாயெல்லாம் நாறுது, துணி அலசக்கூட தண்ணி இல்ல. இதுல ரெண்டு கொடம் குடுங்கம்மா."

பிரிஸ்கில்லா டிரம்மைத் தொட்டதும் செம்மல் ஓடிவந்தார். "மேடம், இருங்க. சீஃப் கெஸ்ட் இன்னும் வரல. அவரு முன்னாடி அளந்து காட்டணும். அப்புறமா குடுக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"வந்துட்டே இருக்காரு."

அன்னக்கிளி குடத்தோடு நின்றாள். ஒரு மைதானம் நிறைய அவள் தெருவுக்குப் போகவேண்டிய தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்க அவள் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவளைக் கெஞ்சவைத்தது தன் வாயிலிருந்து போன ஒரு சொல் என்று பிரிஸ்கில்லாவுக்கு உறைத்தது. வேலை போனால் போகட்டும், மயிரே போச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கைக்குக் கிடைத்த இரண்டு குடங்களைத் தூக்கினாள். "வாங்கம்மா" என்று முன்னால் நடந்தாள்.

வீடு ஒரே அறை. நாற்றம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. பையன் மூலையில் துவண்டு கிடந்தான். பிரிஸ்கில்லா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைக் கழுவினாள். அன்னக்கிளி பையனைக் கழுவி, வேறு சட்டை மாட்டினாள். பிறகு பிரிஸ்கில்லா ஒரு ஆட்டோவைப் பிடித்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். வெளியே வந்து பார்த்தபோது, அவள் பின்னாலேயே வந்திருந்த செம்மல் தெருமுனையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பையன் பிழைத்துக்கொண்டான். மைதானத்துத் தண்ணீரைத் தலைமை விருந்தினர் வந்து அளந்து பார்த்து மெச்சினார். விழா முடிந்ததும், தூக்கிக்கொண்டு போகக் கனமாக இருக்கிறதென்று அப்பாக்கள் டிரம்களைக் கவிழ்த்துவிட்டு வண்டியில் கட்டினார்கள். மைதானம் சேறாகிப்போனது. அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டுதான் பிரிஸ்கில்லா ஸ்கூட்டரை எடுத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தும் அவளுக்கு அந்த நாள் உடம்பை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் செம்மல் போன் செய்தார்.

"மேடம், போன்ழூர்! கலக்கிட்டீங்க. நீங்க கொடம் தூக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போற போட்டோவ பாத்து பிரான்ஸ்ல அழுதுட்டாங்களாம். சேமிச்ச தண்ணி ஏழைக்கு உதவுதுன்னு போட்டு அனுப்பியிருந்தேன். இன்னும் பத்து ஸ்கூல்ல இதே மாதிரி பண்ணச் சொல்றாங்க. உங்க ஒப்பந்தமும் நீட்டிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு, கடைசித் தெருவுல கஷ்டப்படற வீடு ஒண்ண முன்னாடியே பாத்து வச்சிடுங்க."

பிரிஸ்கில்லாவுக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்தி வருவதற்கு முன் ஊறுமே அப்படி. விழுங்கிக்கொண்டு பேசினாள்.

"முன்னாடியே தேட வேணாம் சார். நாம போட்டி வச்சாலே போதும். கடைசித் தெருவுல எல்லா வீடும் அப்படி ஆயிடும்."

மறுமுனையில் குரல் உற்சாகமாக வந்தது.

"அட, ஆமாம் மேடம்! அப்ப தேடற வேலையே இல்ல."

பிரிஸ்கில்லா அன்றைக்கே வேலையை விட்டாள். அந்தப் பத்துப் பள்ளிகளிலும் போட்டி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.