சார், இன்னிக்கு யாரு வுழணும்?

முதல் காயம் உண்மையான காயம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை.

உடற்கல்விப் பட்டம் வாங்கிய கையோடு, ஜவ்வாது மலையில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தற்காலிக பி.டி. மாஸ்டராக வந்து சேர்ந்தேன். சொந்த ஊர் அடிவாரத்து ஒடுகத்தூர். வயது இருபத்துமூன்று. இந்த மலையிலிருந்து ஒரு பெண்ணையாவது மாநில கபடி அணிக்கு அனுப்பாமல் இறங்க மாட்டேன் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சாமை மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

பெண்கள் கிடைத்தார்கள். மைதானம்தான் சரிவு. ஒரு பக்கத்து அணி எப்போதும் மலை இறங்கி ஆடும், இன்னொன்று மலை ஏறி ஆடும். இரண்டாவது வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இறக்கத்தில் நிற்க முடியாமல் போய் வேலியில் முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் மருந்து போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், புள்ளைங்கள மண்ணுல போட்டுத் தேய்க்கிறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுநாள் பயிற்சியில் நான் நடுக்கோட்டைப் பார்க்கவில்லை, பிள்ளைகளின் முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் முட்டியில் கொசு கடித்த அளவுக்கு ஒரு சிராய்ப்பு. "இதை இப்படியே விடக்கூடாது" என்று பதறி, அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்கடுத்த நாள் ஒரு நகக்கண். அப்புறம் ஒரு தும்மல்.

பதினைந்து வயதுப் பெண்களிடம் எதையும் மறைக்க முடியாது. மூன்றாவது வாரம், எங்கள் அணியின் கேப்டன் வார்ம்-அப் முடித்துவிட்டு, அட்டெண்டன்ஸ் கேட்கிற தொனியில் கேட்டாள்:

"சார், இன்னிக்கு யாரு வுழணும்?"

அந்த இடத்தில் அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். நான் வாட்சைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "யாராவது... லேசா."

அதற்குப் பிறகு முறை வைத்து விழுந்தார்கள். நொண்டுவதற்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே பாடம் படித்தார்கள். உண்மையில் கால் பிசகியவர் எந்தத் தோளை இறக்கி நடக்கிறார், எப்போது உதட்டைக் கடிக்கிறார் என்று எல்லாம் அத்துப்படி. கேப்டன் இதில் கில்லாடி. இமைக்காமல் இருந்தே கண்ணீர் வரவழைப்பாள். நான் சொல்லிக்கொடுத்த பிடிகளைக்கூட இவ்வளவு அக்கறையாக எவளும் கற்கவில்லை. ஒரு பெண் துருப்பிடித்த ஆணி என்று கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டதால், என் காதலுக்காக நிஜமான டிடி ஊசி ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இத்தனைக்கும் நர்ஸிடம் நான் பேசியது மொத்தம் ஏழெட்டு வாக்கியம் இருக்கும். எல்லாமே சீழ் பற்றி.

இதற்கிடையில் அடிவாரத்தில் போட்டி வந்தது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். எங்கள் பள்ளியில் பத்தாவதோடு படிப்பு முடிந்துவிடும். கேப்டனின் அப்பா என்னிடம் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஆஸ்டல்ல எடுத்தா போவட்டும் சார், படிக்கட்டும். எடுக்கலன்னா வூட்ல இருக்கட்டும். ஒரே ஒரு பஸ்ஸ நம்பி தெனம் கீய எறக்கி வுட என்னால ஆவாது." ஆக அவளுக்கு மேலே படிப்பு என்பது அந்த ஓர் ஆட்டம்.

அரையிறுதி. முதலுதவி மேசைக்கு எங்கள் மலை நர்ஸையே போட்டிருந்தார்கள். சாமியானாவுக்குக் கீழே விடுதிப் பயிற்சியாளர் அம்மா நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சரிவிலேயே ஆடிப் பழகிய எங்கள் பெண்கள் சமதளத்தில் காற்றாகப் பறந்தார்கள். கேப்டன் ஒரே ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டி, நம் பக்கம் பத்திரமாக வந்து, கல் இல்லாத இடமாகப் பார்த்து, விழுந்தாள்.

நான் ஓடினேன். நர்ஸும் பெட்டியோடு ஓடி வந்தார். கேப்டன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு துடித்தாள். நர்ஸ் பஞ்சை எடுக்கக் குனிந்த நொடியில் அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக் கிசுகிசுத்தாள்.

"பேசுங்க சார். நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

"எய்ந்திருடி! அங்க நோட்டு வெச்சினு பாத்துனு இருக்காங்க!"

"பாக்கட்டும் சார். டீம்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எல்லாரும் எறங்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நீங்களும் டீம்தான?"

அதற்குள் கட்டுப் போட்டு முடித்த நர்ஸ், சாமியானாவைப் பார்த்துச் சொன்னார்: "கணுக்கால் மேடம். வீக்கம் இனிமேதான் வரும். ரெண்டு வாரம் கால ஊனக்கூடாது." பயிற்சியாளர் அம்மா நோட்டில் ஒரு கோடு கிழித்தார். எந்தப் பெயர் மேல் என்று கேட்க வேண்டியதில்லை.

"சிஸ்டர், அந்தக் கால்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. அவ நடிக்கிறா."

"எதுக்கு நடிக்கணும்?"

மைதானத்தில் நின்ற மற்ற ஆறு பேரும், பெஞ்சில் இருந்தவர்களும், சார் இப்போது சொல்லிவிடுவார் என்று பூரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த விதத்தில் இல்லை.

"நான் உங்களப் பாக்கறதுக்காக. இத்தினி நாளும் அதுக்குத்தான் வந்தோம்."

"முட்டின்னு வந்தாங்களே?"

"அதுவும்."

"டிடி ஊசி போட்டேனே, அந்தப் புள்ள?"

"அது... அதுவும்தான்."

பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "நெசமாவே வலிச்சிது சிஸ்டர்."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அன்னிக்கு வாசல்ல மாசமா இருக்கற பொண்ணு ஒருத்தி ஒக்காந்துனு இருந்தா. உங்க புள்ளைக்கு ஊசி போட்டுட்டுதான் அவளுக்கு பிரஷரே பாத்தேன்" என்றார். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவில் இல்லை. அன்றைக்கு நான் வாசல் பக்கமே திரும்பவில்லை.

அவர் கட்டைப் பிரித்தார். சாமியானாவுக்குப் போய், "கால் நல்லாகீது மேடம். நான் சரியாப் பாக்கல" என்றார். பழியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே ஓடி, "இல்ல மேடம், சொல்லிக் குடுத்தது நான்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணு நீ சொன்னா இன்னா வேணா செய்வாளா?"

"செய்வா மேடம்."

"அப்ப நீ வெளிய போ. நீ இல்லாம எப்பிடி ஆடறான்னு பாக்கணும்."

இரண்டாம் பாதி முழுக்க கேட்டுக்கு வெளியே, வேர்க்கடலை வண்டிக்காரர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். நான் இல்லாமல் அவர்கள் இன்னும் நன்றாக ஆடினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பாயிண்டில் தோற்றார்கள். கேப்டன் மட்டும் ஒன்பது எடுத்தாள். விடுதிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் நர்ஸ் பெண்களோடு பின்னால் உட்கார்ந்தார். நான் டிரைவருக்குப் பக்கத்தில். தலைமையாசிரியரிடமும் நானே போய்ச் சொன்னேன். "இத்த எங்கிட்ட ஏம்ப்பா சொன்ன? இப்ப நான் எதுனா எழுதணுமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, எழுதியும் விட்டார்.

திங்கட்கிழமை அணியை உட்கார வைத்து நீளமாகப் பேசினேன். இனி யாரும் எனக்காக விழக்கூடாது, நானே சொன்னாலும் செய்யக்கூடாது, தப்பு என்னுடையது. எல்லோரும் அடக்கமாகக் கேட்டார்கள். முடிந்ததும் கேப்டன் கை தூக்கினாள்.

"புரிஞ்சிது சார். ஆனா சிஸ்டர் கிட்ட நீங்க இன்னும் மன்னிப்பே கேக்கலியே?"

"ஆமா சார்" என்றது மொத்த அணியும்.

"அதுக்கு நாங்க வர மாட்டோம். நீங்களே போங்க."

போனேன். வாசலில் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து என் முறை வந்தது.

"உடம்புக்கு இன்னா?" என்றார் நர்ஸ், நிமிராமல்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். மன்னிப்பு கேக்க..."

"ஒண்ணுமில்லாதவங்க எல்லாம் கடைசில. அடுத்த ஆள் வாங்க."

எழுந்து வெளியே வந்தேன். வரிசை இப்போது பன்னிரண்டு பேராகியிருந்தது. கடைசியில் போய் உட்கார்ந்தேன்.