கப்பல் மேல்தட்டில் ஒரு குழந்தை வண்டில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வெள்ளவத்தையில் யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைக்கிற ஆள் நான். எனக்குப் போய், அதுவும் பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இப்படி நடந்தது என்று எனக்கே ஆத்திரம்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, என்னோடுதான் இருக்கிறார். பார்வை போய்க் கன காலம். உலகப் போர்க் காலத்தில் அவரைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனார். நடுக்கடலில் இன்னொரு சரக்குக் கப்பல் கிட்ட வந்திருக்கிறது, மேல்தட்டில் ஒரு பெண், குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டிலோடு நடந்தாளாம், தாத்தா வெளியே வந்து ஆசையாகக் கை காட்டினாராம். அது பெண்ணில்லை, கவுன் போட்ட மாலுமி. கப்பலும் வேஷம் போட்ட ஜெர்மன் போர்க்கப்பல். பீரங்கிகளை மறைத்திருந்த பக்கத் தகடுகள் விழுந்து குண்டுகள் வெடித்த பிறகு தாத்தாவைக் காணவில்லை என்று தப்பி வந்த ஒருவர் சொன்னார். செத்ததை யாரும் பார்க்கவில்லையே என்று வீட்டில் திவசமே செய்யவில்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து காத்தோட்டிக்காய் என்கிற கசப்புக் காயைச் சமைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வீம்புக்கு மீன்.

போன வருடமும் பாரைமீன் குழம்புதான். சின்னம்மாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டு மாடி ஜன்னலால் பார்க்கிறேன், ரயில் பாதைக்கு அப்பால், வள்ளம்கூட வராத கற்பாறைக்குக் கிட்ட, பழைய கப்பல் ஒன்று. புகை வருகிறது, சத்தம் இல்லை. மேல்தட்டில் ஒரு பெண், கையில் குழந்தை வண்டில். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

சின்னம்மா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வண்டிலோட நிக்கிறாளோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்பா என்னை நினைச்சுத்தான் கை காட்டினவர்" என்றார். பிறகு தட்டைத் தள்ளினார். "மீனை எடு பிள்ளை. இனி இந்த நாளில சமைக்க வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் வெறும் கடல்.

இந்த ஆடி அமாவாசைக்கு ஐயரைக் கூப்பிட்டுக் கடற்கரையில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். சின்னம்மா ஆறிவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. கடலோரத்து மரைன் டிரைவ் வீதியில் பின்னேரம் யாராவது குழந்தை வண்டில் தள்ளிக்கொண்டு வந்தால், உள்ளே குழந்தை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.