கற்பூரம் மணத்த பொம்மை

அப்பாவின் திவசத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் அவன் கற்பூரம் ஏற்றினான். அந்த வாசனையில் எனக்குப் பக்தி வருவதில்லை, என் பொம்மைதான் வருகிறது.

ஜலகண்டாபுரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது வைத்திருந்த ஜப்பான் செல்லுலாயிட் பொம்மை அது. செல்லுலாயிடில் கற்பூரம் கலப்பார்கள், மூக்கருகே கொண்டுபோனால் லேசாக மணக்கும். சீனாவின் மேல் ஜப்பான் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். ஜப்பான் சாமான்களை எரிக்க நெசவாளர்கள் சந்தைத் திடலில் கூடினார்கள். அப்பாதான் பேசினார். பேசி முடித்ததும் என்னிடம் கை நீட்டினார்.

"அங்க உன்னாட்டம் கொளந்தைங்க சாவுது சாமி, குடு."

கொடுத்தேன். பொம்மை புஸ்ஸென்று எரிந்துபோனது. ஊரே அப்பாவுக்குக் கைதட்டியது.

மறுநாள் அவர் தறியில் புதுச் சேலையின் கரை பளபளத்தது. நிஜப் பட்டு நூல் நனைந்தாலும் தாங்கும், ஜப்பானிலிருந்து வரும் போலிப் பட்டு அறுந்துவிடும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். தொங்கிய இழையை எச்சிலில் நனைத்து இழுத்தேன். அறுந்தது.

"அப்பா, இது ஜப்பான் நூலுங்களா?"

ஊடு நூலை ஓட்டும் நாடாவை அவர் நிறுத்தவில்லை.

"வெளிய சொல்லாத சாமி."

இன்றுவரை சொல்லவில்லை. தம்பி கற்பூரத் தட்டை நீட்டினான்.

"ஒத்திக்கங்க அக்கா."

என் கை எழவில்லை.