கட்டைவிரல் பக்கம்

காலை ஆறு பத்துக்கு அந்தக் கை என் கழுத்துக்கு வந்தது. உக்கடம் குளக்கரையில் நடந்துவிட்டு நானும் மகளும் அப்போதுதான் சாலைக்கு இறங்கியிருந்தோம். பின்னாலிருந்து ஒருவன் என் தாலிக்கொடியைப் பற்றி இழுத்தான். நான் கத்தவில்லை. "ஏனுங்க, விடுங்க" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறாள். கூடச் சேர்ந்தவர்கள் பச்சை பெல்ட் கட்டிவிட்டார்கள், இவள் இன்னும் மஞ்சள். மாஸ்டர் கையை உயர்த்தினால் எல்லாக் கைகளும் உயரும். இவள் மட்டும் எதற்கென்று கேட்டுக்கொண்டு நிற்பாள். மாஸ்டர் ஓர் இளம்பெண். "மத்தவங்க பாத்துச் செய்யறாங்க. இவ தப்பாச் செஞ்சு, ஏன் தப்புன்னு கண்டுபுடிக்கறா. கொஞ்சம் லேட்டாகுமுங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு. இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவதென்று நானும் கணவரும் முடிவுசெய்து, அவளிடமும் சொல்லியாயிற்று. 

பிடியை விடுவித்துப் பழக வீட்டில் நான்தான் ஆள். அவசரத்தில் தோசைமாவுக் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தால், "மாவு வழுக்குதுங்கம்மா, கழுவிட்டு வந்து கெட்டியாப் புடிங்க" என்பாள். கையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பாள். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் தனியாக மறுபக்கம், பிடி அங்கேதான் திறக்கும் என்று ஒருநாள் சொன்னாள். சாம்பார் பொங்குகிறது, அதைப் பார் என்றேன்.

அன்று காலை அவள் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை. அம்மாவின் கழுத்துக்கொடியை ஒருவன் இழுத்தால் என்ன செய்வதென்று எந்த வகுப்பிலும் காட்டியதில்லை. நான் முன்னால் திமிறத் திமிறக் கொடி கழுத்தை அறுத்தது. அவளோ என்னை அவன் பக்கமே தள்ளினாள். பெற்ற பிள்ளையா இப்படிச் செய்கிறது என்று திகைத்துப்போனேன். கொடி தளர்ந்தது, மூச்சு வந்தது. அதற்குள் அவனுடைய கட்டைவிரலை இரு கையாலும் பற்றிப் பின்னால் மடக்கியிருந்தாள். அவன் அலறிக்கொண்டே ஓடி, காத்திருந்த பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.   "திருடனுக்குமா 'ஏனுங்க, விடுங்க'ன்னு மரியாதை குடுப்பீங்க?" என்று மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த கணவர், செய்தி கேட்டுத் தாலி கட்டுமுன்பே கிளம்பி வந்தார். என் கழுத்தில் இருந்த சிவந்த கோட்டைப் பார்த்துவிட்டு அவளை அதட்டினார். "கொடி போனாப் போகுதுன்னு உட்டுப்போட்டு ஓடியாந்திருக்கலாமில்ல கண்ணு?"

"கொடிக்காகச் செய்யலீங்கப்பா. அது அறுந்துபோகவே இல்ல. அவன் இழுத்ததுல அம்மா கழுத்தைத்தான் அறுத்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, அந்த மாஸ்டர் நம்பரைக் குடு. கிளாஸை நிறுத்தலைன்னு நானே சொல்லிப்போடறேன்."